கன்றுக்குட்டி குடித்த கொழுப்பு

“என்னம்மிணி, அம்மா இன்னிக்குப் பாலோட கொஞ்சம் தண்ணியும் குடுத்துட்டாங்களா?”

பால் சொசைட்டி செகரட்டரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கையில் லாக்டோமீட்டர், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய். எனக்குப் பின்னால் பத்துப் பேர் தூக்குப்போசியோடு நின்றிருந்தார்கள். அதில் பாதிப் பேர் எனக்கு அத்தை முறை, மாமன் முறை. அம்மாவுக்குக் கால் சுளுக்கு என்று அன்றைக்கு மட்டும் நான் பால் கொண்டுபோயிருந்தேன். பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம். “இல்லீங்ணா” என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவரும் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பாலை அளந்து கேனில் ஊற்றினார், அட்டையில் நாலரை என்று எழுதினார், அடுத்த ஆள். எல்லாம் ஒரு நிமிஷம்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல், “அவிய அப்படித்தான் கேப்பாங்க, நீ போசியக் கழுவி வை” என்றார்.

அந்த ஒரு நிமிஷம் எனக்குள் அப்படியே கிடக்கிறது. என் அம்மா பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர் இல்லை. கறந்த சட்டியை அலசிய தண்ணீரைக்கூட வாழைக்குத்தான் ஊற்றுவார். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவரிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. கூட்டுறவுப் பால் சங்கம் கிராமத்தை முன்னேற்றும் என்று யாராவது மேடையில் பேசினால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் குழாய்தான். அது ‘முன்னேற்றவில்லை’ என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்த சொசைட்டியிலிருந்து வந்தது.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, மஞ்சள் போட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் காசு. அந்த ஒரு வருடத்தை ஓட்டியது மாடு. கருங்கல்பாளையம் சந்தையில் அப்பா பிடித்துவந்த ஜெர்சிக் கலப்பு, முதல் ஈத்து. அப்புறம் அதன் கிடாரி, அதன் கிடாரி என்று எப்போதும் இரண்டு உருப்படி கட்டுத்தறியில் நிற்கும். காட்டு வேலை அப்பாவுடையது, மாட்டு வேலை முழுக்க அம்மாவுடையது. சாணி வழிப்பது, தட்டு வெட்டுவது, தண்ணி காட்டுவது, கறப்பது, ஊற்றிவிட்டு வருவது என்று நாளைக்கு நாலு மணி நேரம் போகும். அந்த நாலு மணி நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் மாடு வளர்ப்பது நஷ்டம் என்று ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். “அந்த நேரத்துல நான் என்ன கலெக்டர் வேலைக்கா போயிருப்பேன்” என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

பத்து நாளைக்கு ஒருமுறை பால் பணம். மஞ்சள் பணம் போல மொத்தமாக வந்து கடன்காரரிடம் மொத்தமாகப் போகிற பணம் இல்லை அது. சின்னப் பணம், ஆனால் தேதி தவறாத பணம். அம்மா அதைக் கையில் வாங்கி, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எண்ணி, தவிடு புண்ணாக்குக் கடைக்காரருக்கு ஒரு பங்கு, சீட்டுக்கு ஒரு பங்கு, மீதி இடுப்புச் சுருக்குப்பையில். பிறகு பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வர ஆரம்பித்தது. ஒழுங்கான மாற்றம், நானே பாராட்டினேன். ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: கணக்கு அம்மா பெயரில், ஏ.டி.எம். அட்டை அப்பா சட்டைப்பையில். டவுனுக்குப் போகிறவர் அவர்தானே. இடைத்தரகரே இல்லாத பட்டுவாடா என்று இதைச் சொல்வார்கள்.

கோபிப் பள்ளிக்கூடத்துப் பையன்

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வெண்மைப் புரட்சியின் தந்தை என்று சொல்லப்படும் வர்கீஸ் குரியன் கோபி வைரவிழாப் பள்ளியில் படித்தவர். கோழிக்கோட்டில் பிறந்தவர், அப்பா கோபி அரசு மருத்துவமனையில் டாக்டர். பிறகு சென்னை லயோலா, கிண்டி பொறியியல் கல்லூரி. 1949இல் குஜராத்தின் ஆனந்துக்கு அரசு வேலையாகப் போய், ஓடிவிடத் துடித்து, கடைசியில் அங்கேயே வாழ்ந்து முடித்தார். அவருக்குப் பால் குடிக்கப் பிடிக்காது என்பது உபரித் தகவல். எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்காது.

ஆனால் ஆனந்தில் நடந்தது குரியன் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை மொத்தமும் பால்சன் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. விவசாயிக்கும் கம்பெனிக்கும் நடுவில் காண்ட்ராக்டர்கள். பால் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகும், அதனால் காண்ட்ராக்டர் சொல்வதுதான் விலை. 1946இல் ஆனந்த் இருந்த கைரா மாவட்டத்து விவசாயிகள் பதினைந்து நாள் பால் ஊற்றவில்லை. தரையில் கொட்டினார்கள். திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராக நடந்து சங்கம் சேர்த்தார். அந்த வருடம் டிசம்பர் 14 அன்று கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியம் பதிவானது. 1948இல் பாலைப் பதப்படுத்த ஆரம்பித்தபோது இரண்டே இரண்டு கிராமச் சங்கம், நாளைக்கு 250 லிட்டர். எங்கள் ஒரு ஊரின் பால் அதைவிட அதிகம். பின்னால் அமுல், தேசிய பால்வள வாரியம், 1970இல் வெண்மைப் புரட்சி, 1998இல் உலகத்திலேயே அதிகம் பால் கறக்கும் நாடு என்று போனதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பால் பவுடர் தொழிற்சாலையைச் சொல்வார்கள், எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்ற வெள்ளைக்கார நிபுணர்களின் வாயை அமுலின் பால் தொழில்நுட்ப நிபுணர் எச்.எம். தலாயா அடைத்ததைச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொரு சின்ன விஷயம். ஆனந்த் முறையில் காலையும் மாலையும் ஒவ்வொருவர் பாலிலும் தனித்தனியாகச் சாம்பிள் எடுப்பார்கள். கொழுப்பு எவ்வளவோ அதற்குத் தக்க காசு. யார் வீட்டுப் பால், என்ன சாதி, பத்து மாடா ஒரு எருமையா என்ற பேச்சே கிடையாது. காண்ட்ராக்டர் காலத்தில் விலை என்பது அவர் வாயிலிருந்து வரும் சொல். சங்கம் வந்தபிறகு அது பாலிலிருந்து வரும் எண். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அந்த எண்ணை நம்பிப் பாலை ஊற்றிவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்து கூட்டுறவு என்பதே அவ்வளவுதான்.

ஒரே கேன், ஒரே விலை

எங்கள் சொசைட்டியில் அந்த எண் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. லாக்டோமீட்டரைப் போட்டு ‘டிகிரி’ பார்ப்பார்கள். அது சந்தேகப்படுவதற்கு மட்டும். காசு எல்லோருக்கும் ஒரே விலை. எல்லோர் பாலும் கேனில் ஒன்றாகக் கலந்து குளிர்விக்கும் நிலையத்துக்குப் போகும், அங்கே கேனுக்கு ஒரு சோதனை, அதை வைத்துச் சங்கத்துக்கு ஒரு தொகை, அதை லிட்டருக்கு வகுத்து எல்லோருக்கும் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சமத்துவம் மாதிரிக்கூடத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர், ஆளுக்கு ஐந்து லிட்டர், லிட்டர் முப்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால் அவருக்கு அன்றைக்குக் கிட்டத்தட்டப் பதினைந்து ரூபாய் கூடுதல். அந்தப் பதினைந்து ரூபாய் மற்ற தொண்ணூற்றொன்பது பேரிடமிருந்து ஆளுக்குப் பதினைந்து பைசாவாகப் போகிறது. பதினைந்து பைசாவுக்கு யார் சண்டைக்கு வருவார்கள்? ஆனால் இருபது பேர் இப்படிச் செய்தால், செய்யாதவர் ஏமாளி. மாட்டுக்குக் கலப்புத் தீவனம் வைத்துக் கெட்டிப் பால் கறக்கிறவரும், ரோட்டோரம் மேயவிட்டுத் தண்ணிப் பால் கறக்கிறவரும் ஒரே வரிசை, ஒரே காசு. இத்தனைக்கும் அம்மா ஊற்றுவது கெட்டிப் பாலா தண்ணிப் பாலா என்பதே அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. இருபது வருடம் ஒரு வேலை செய்கிறவருக்கு, அந்த வேலை எப்படி இருக்கிறது என்று ஒரு மார்க் கூடக் கொடுக்காத இடம் அது.

அதனால்தான் தனியார் பால் வண்டி ஊருக்குள் வந்தபோது, அதற்கு ஊற்றச் சொல்லி அம்மாவை நச்சரித்தது நான். லிட்டருக்கு மூன்று ரூபாய் கூட. வண்டிக்காரப் பையன் சின்ன மிஷின் வைத்திருந்தான், ஃபேட் எவ்வளவு என்று ஃபோனுக்கு மெசேஜே வந்துவிடும். சொல்லத்தான் வேண்டும், எங்கள் ஊரில் அந்த எண்ணை முதலில் காட்டியது தனியார் வண்டி, கூட்டுறவு இல்லை. அம்மா மனசில்லாமல் மாறினார். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடியது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. டீக்கடை இல்லை, ஓட்டல் இல்லை, கல்யாணம் இல்லை. வண்டி முதலில் ஒரு வேளை மட்டும் வந்தது, பிறகு விலையைக் குறைத்தது, பிறகு நான்கு நாள் வரவே இல்லை. மாட்டுக்கு ஊரடங்கு தெரியாதே. அம்மா நெய் உருக்கினார், தயிர் உறைய வைத்தார், பக்கத்து வீடுகளுக்குச் சும்மா கொடுத்தார். ஐந்தாம் நாள் போசியைத் தூக்கிக்கொண்டு பழைய சொசைட்டிக்கே போய் நின்றார்.

வாங்கிக்கொண்டார்கள். “இத்தன நாள் எங்க போனீங்கக்கா” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த மாதங்களில் தமிழ்நாடு முழுக்கக் கூட்டுறவுக்கு வந்த பால் கூடியது. போக வேறு இடமில்லாத பால் எல்லாம் அங்கேதான் வந்தது. இதைச் சொல்லிச் சங்கத்தைக் கும்பிடுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஆபத்துக்கு உதவும் சொந்தக்காரர் மீதும் நமக்கு ஒரு வருத்தம் இருக்கலாம் இல்லையா.

சூட்டுப் பாலும் கடைசிப் பாலும்

சொசைட்டிக்கு மிஷின் வந்தது அதற்குப் பிறகுதான். சின்னப் பெட்டி. குழாயைச் சாம்பிளில் முக்கினால் ஒரு நிமிஷத்துக்குள் ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு போகப் பாலில் இருக்கிற மற்ற திடச்சத்து), விலை எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் வரும். அவரவர் பாலுக்கு அவரவர் விலை. முதல் வாரமே ஊரில் கலவரம். பரம்பரையாகக் கெட்டிப் பால்காரர் என்று பேர் வாங்கியிருந்தவர்களுக்கெல்லாம் இருபத்தெட்டு ரூபாய்ச் சீட்டு வந்தது. அம்மாவுக்கும் அதிர்ச்சிதான். ஃபேட் 3.1. முழு விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அப்போது அரசு அறிவித்திருந்த பசும்பால் கொள்முதல் விலை 35 ரூபாய், 2022 நவம்பரில் 32இலிருந்து ஏற்றியது. அம்மாவுக்கு வந்தது 31. ஃபோனில் என்னிடம் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. இத்தனை வருடம் சந்தேகப்பட்டார்கள், இப்போது மிஷினும் அதையே சொல்கிறதே என்ற மாதிரி.

அந்தச் சமயம் சினை ஊசி போடக் கால்நடை ஆய்வாளர் ஒரு அம்மா வந்திருந்தார். நானும் ஊரில் இருந்தேன். அம்மா சீட்டை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி, கரண்டு பில்லோடு தொங்கவிட்டிருந்தார். ஆய்வாளரம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கன்னுக்குட்டிய எப்பங்க விடுவீங்க?” என்று கேட்டார்.

“மொதல்ல சொரக்கறதுக்கு ஒரு வாய் விடுவேனுங்க. அப்பறம் கட்டிப்போட்டுக் கறந்துட்டு, கடைசில இருக்கறத அது குடிச்சுக்கும்ங்க. பாவம், அதுக்கும் பசிக்குமில்ல.”

அவர் சிரித்துவிட்டார். “கொழுப்பு பூராவும் அதுதானுங்க குடிக்குது.”

பிறகு கட்டுத்தறியிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விளக்கினார். மடியில் முதலில் இறங்குகிற பால் மெலிசு. கறக்கக் கறக்கக் கொழுப்பு ஏறும். கடைசியாக ஒட்டக் கறக்கிற பாலில் முதல் பாலைப்போலப் பல மடங்கு கொழுப்பு இருக்கும். அம்மா இருபது வருடமாகத் தண்ணிப் பாலைச் சொசைட்டிக்கும் நெய்ப் பாலைக் கன்றுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். கன்றுக்கு அதன் பங்கை முதலிலேயே ஒரு காம்பில் வயிறார விட்டுவிட்டு, பிறகு ஒட்டக் கறக்கச் சொன்னார். தவிட்டைக் குறைத்து மக்காச்சோள மாவு கொஞ்சம், பச்சையோடு சோளத்தட்டும் சேர்த்து. வெறும் பச்சைப் புல்லாகப் போட்டால் பால் கூடும், ஃபேட் இறங்கும் என்றார். நான் அந்தப் பழைய கதையையும் கேட்டேன், லாக்டோமீட்டர் கதையை. “வீடு எங்க, சொசைட்டி எங்க?” என்றார். நேர் எதிரே என்றேன். “அப்ப கறந்த சூட்டோட நொரையோட கொண்டுபோயிருப்பீங்க. சூட்டுப் பால்ல அது எறங்கித்தான் நிக்கும். ஆறவெச்சு, சூட்டுக்குத் தகுந்த மாதிரி கணக்குப் பண்ணிப் பாக்கணும்.” ஊர்க் கோடியிலிருந்து அரை மணி நேரம் நடந்து வருகிறவர் பால் ஆறிப்போய் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. எதிர் வீட்டுக்காரி பால் சூடாகப் போய்த் தண்ணிப் பால் ஆகியிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அம்மா இரண்டும் இல்லாமல், “பாரேன்” என்று மட்டும் சொன்னார்.

நாலு நாளில் சீட்டில் 3.8 வந்தது. பிறகு 4.1. தினமும் ஃபோனில் என் பரீட்சை மார்க்கை நான் சொன்ன மாதிரி அம்மா எண் சொல்ல ஆரம்பித்தார். “இன்னிக்கு நாலு ரெண்டு. எஸ்னப்பு எட்டு மூணு.” மேலே ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். மாட்டைப் பற்றி அம்மா எப்போதும் பேசுவார், ஆனால் அதுவரை பேசியதெல்லாம் நோவு: மடி வீங்கிவிட்டது, சினை பிடிக்கவில்லை, கோமாரி ஊசி போடவில்லை. தன் வேலை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி அப்போதுதான் நான் கேட்டேன்.

எனக்குத் தொழில் புத்தி போகாதே. ஒருமுறை ஊருக்குப் போனபோது கம்பியில் இருந்த சீட்டுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். எல்லா வாரமும் ஒரு நாள் மட்டும் சாயங்கால ஃபேட் தொபீரென்று விழுந்திருந்தது. 4.2, 4.1, 4.2, 3.2. மறுநாள் பழையபடி 4.2. மிஷின் கோளாறாக இருக்கும் என்று தேதியைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு நறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், “அன்னிக்கு ஒரு வேளை அது கடைசிப் பாலக் குடிச்சுட்டுப் போவட்டும்னு உட்டுருவேன் கண்ணு. வாரத்துக்கு ஒருக்காத்தான” என்றார்.

பத்து ரூபாய்ப் பங்கு

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பங்குச் சான்று இருக்கிறது. பத்து ரூபாய். இருபது வருடத்துக்கு முன் உறுப்பினராகச் சேர்ந்தபோது கொடுத்தது. அது என்ன என்று கேட்டால், “சொசைட்டில குடுத்த காயிதம்” என்பார். ரேஷன் அட்டை போல அதுவும் அரசாங்கம் கொடுத்த ஒன்று. அம்மா மட்டும் இல்லை, ஊரில் எல்லோரும் ‘கவர்மெண்ட்டு சொசைட்டி’ என்றுதான் சொல்வார்கள். தப்பும் இல்லை. விலையை அரசு அறிவிக்கிறது. 2013இலும் 2018இலும் கூட்டுறவுத் தேர்தல் நடந்தது, அதற்கு முன்னால் வருடக்கணக்காக அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்தல் நடந்தபோதும் எங்கள் ஊரில் தலைவர் யார் என்பது டீக்கடையில் முடிவானது, பால் கறக்கிற ஒருவரிடமும் கேட்டதாக ஞாபகம் இல்லை. கன்னத்தில் கை வைத்து ஆனந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் நான் தயாரில்லை, அங்கேயும் அரசியல் புகுந்துதான் இருக்கிறது. ஆனால் பத்து ரூபாய்ப் பங்குக்காரி முதலாளி என்பது அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. அதை யாரும் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை, நானும் சேர்த்துத்தான்.

போன வருடம் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு அம்மா போனார். வழக்கமாகப் போகமாட்டார், கையெழுத்துக்கு நோட்டு வீட்டுக்கே வந்துவிடும். அன்றைக்கு ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. போண்டா, டீ. வரவு செலவு வாசித்தார்கள். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார்கள், வழக்கம்போல எழுந்திருக்கவும் பார்த்தார்கள். அம்மா உட்கார்ந்தபடியே கேட்டாராம்: “மிஷினுக்குன்னு ஆளுக்கு ஒரு கரண்டி பால் எடுக்கறீங்களே, அது எங்கீங்ணா போவுது?”

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா விடவில்லை. கரண்டி ஐம்பது மில்லி, ரெண்டு வேளை, நூத்தியிருபது பேர். நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர். எங்கள் இரண்டு மாட்டுப் பால் அது. அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வைத்தே சொல்லியிருக்கிறார். சிரிப்பு நின்று, செகரட்டரி நோட்டைப் புரட்டி, “சாம்பிள் பால் விற்பனைன்னு தனிக் கணக்கு இருக்குதுங்கக்கா” என்றிருக்கிறார். சரி, இருக்கட்டும், எவ்வளவு என்று அம்மா கேட்டார். பல சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்த ஆபீசில் வேலை பார்க்கிறேன், அந்த வரியைப் பார்த்தும் இருக்கிறேன், அது ஒரு கேள்வி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த கூட்டத்தில் விவரமாகச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அம்மா தேதி கேட்டு வாங்கி, அன்றைய பால் சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சீட்டும் அதே கம்பியில்தான் தொங்குகிறது.